கோவையிலிருந்து சான்பிரான்சிஸ்கோ: தூரம் ஒன்று, நேரம் பல

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் எழுதிவிடுகிறேன். கோபிச்செட்டிபாளையத்தில் இருக்கும் உங்கள் அப்பாவும் அம்மாவும், உங்கள் அக்காவின் பிரசவத்துக்காக ஜூன் மாதத்தில் கோவையிலிருந்து சிங்கப்பூர் வழியாகச் சான்பிரான்சிஸ்கோ செல்கிறார்கள். அக்டோபர் தொடக்கத்தில் அதே வழியில் திரும்புகிறார்கள். இரு விமான நிலையங்களுக்கும் இடையிலான தூரத்தை இணையத்தில் தேடியபோது ஓரிடத்தில் 14,240 என்றும், இன்னோரிடத்தில் 8,850 என்றும், மற்றோரிடத்தில் 7,690 என்றும் இருந்ததாகவும், பயண நேரம் ஏறக்குறைய 17 மணி என்று காட்டியதாகவும் எழுதியிருக்கிறீர்கள். டிராவல்ஸ்காரரோ போக 26 மணி, வர 29 மணி என்கிறார். டிக்கெட்டில் உள்ள மணிகளைக் கழித்துப் பார்த்தால் போக பதின்மூன்றரை மணியும் வர நாற்பத்தொன்றரை மணியும் வருகின்றன. இவற்றில் எது உண்மை, பூமி சுழல்வதால்தான் திரும்பும் நேரம் கூடுகிறதா என்பவை நீங்கள் எழுத்தில் கேட்டவை. முதல்முறை விமானம் ஏறும் இருவர் எவ்வளவு நேரம் இருக்கையில் உட்கார்ந்திருக்க வேண்டும், அக்கா எத்தனை மணிக்கு அழைத்துச் செல்ல வர வேண்டும் என்பவையே உங்கள் மனதில் உள்ளவை என்று நினைக்கிறேன். விமான நிறுவனங்களில் டிஸ்பாட்ச் என்று சொல்லப்படும் பணியில், அதாவது ஒவ்வொரு விமானத்துக்கும் அன்றன்றைய பாதையையும் எரிபொருளையும் கணக்கிட்டுத் தரும் மேசையில், பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

தூரத்தைப் பற்றிய உங்கள் குழப்பம் எளிதில் தீரக்கூடியது. நீங்கள் பார்த்த மூன்று எண்களும் ஒரே தூரத்தைத்தான் குறிக்கின்றன. 14,240 என்பது கிலோமீட்டர். 8,850 என்பது அமெரிக்கர்கள் சாலைக்குப் பயன்படுத்தும் மைல். 7,690 என்பது கப்பலிலும் விமானத்திலும் புழங்கும் கடல் மைல். கடல் மைல் ஒன்று 1.852 கிலோமீட்டர், சாலை மைல் ஒன்று ஏறக்குறைய 1.609 கிலோமீட்டர். பெருக்கிப் பார்த்தால் மூன்றும் ஒன்றாகிவிடும். சில இடங்களில் பத்து இருபது கிலோமீட்டர் கூடவோ குறையவோ காட்டினால் அதையும் பிழையாகக் கொள்ள வேண்டியதில்லை. பூமியைச் சரியான உருண்டையாக எடுத்துக்கொண்டு கணக்கிடுவோரும் உண்டு, துருவங்களில் சற்றுத் தட்டையான அதன் உண்மையான வடிவத்தை எடுத்துக்கொண்டு கணக்கிடுவோரும் உண்டு. நிலநடுக்கோட்டில் பூமியின் ஆரம் 6,378 கிலோமீட்டர், துருவத்தில் 6,357 கிலோமீட்டர் என்பதால் அந்தச் சிறு வேறுபாடு வருகிறது. இந்தத் தூரம் உறுதியானது. எந்த நாளிலும் எந்த நிறுவனத்திலும் மாறாது. ஆனால் உங்கள் பெற்றோர் பறக்கப்போகும் தூரம் இது அன்று.

இணையத்தில் காணும் தூரம் என்பது உருண்டையான பூமியின் மேற்பரப்பில் இரு ஊர்களுக்கு இடையே வரையக்கூடிய மிகக் குறுகிய கோடு. இதைப் பெருவட்டப் பாதை என்பார்கள். சுவரில் தொங்கும் தட்டையான உலகப் படத்தைப் பார்த்தால், கோவையிலிருந்து சான்பிரான்சிஸ்கோ செல்ல ஒன்று கிழக்கே பசிபிக் பெருங்கடலைக் கடக்க வேண்டும், அல்லது மேற்கே ஐரோப்பாவையும் அட்லாண்டிக்கையும் கடக்க வேண்டும் என்றே தோன்றும். பள்ளிக்கூடத்தில் உள்ள உலக உருண்டையை எடுத்து, இரண்டு ஊர்களின் மேலும் ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நூல் கிழக்கேயும் போகாது, மேற்கேயும் போகாது. வடக்கே, சற்று வடகிழக்காகச் சாய்ந்து கிளம்பும். நேபாளத்தில் பொக்காராவை ஒட்டி இமயத்தைத் தாண்டி, திபெத், சீனா, மங்கோலியா, சைபீரியா என்று ஏறி, ஏறக்குறைய 71 பாகை வட அட்சத்தில் ரஷ்யாவின் வடகிழக்குக் கரையோரம் ஆர்க்டிக் கடலைத் தொட்டு, அலாஸ்காவின் மேல் இறங்கி, கனடாவின் மேற்குக் கரையோரமாகச் சான்பிரான்சிஸ்கோவை அடையும். நம் ஊர்க்காரர்கள் பலருக்கு இது நம்ப முடியாததாக இருக்கும். ஆயினும் கணக்கு இதைத்தான் சொல்கிறது.

இந்தக் கோட்டைப் புரிந்துகொண்டால், எந்த ஊர் வழியாகப் போவது சுற்று, எது சுற்றன்று என்பதும் விளங்கும். பெங்களூரு விமான நிலையம் ஏறக்குறைய இந்தக் கோட்டின் மேலேயே இருக்கிறது. கோவையிலிருந்து பெங்களூருவுக்குச் சுமார் 250 கிலோமீட்டரும் அங்கிருந்து சான்பிரான்சிஸ்கோவுக்குச் சுமார் 13,990 கிலோமீட்டரும் கூட்டினால் அதே 14,240 வந்துவிடும். டெல்லி கோவைக்கு நேர் வடக்கே இருப்பதால், டெல்லி வழியாகப் போனாலும் மொத்தம் சுமார் 14,330 கிலோமீட்டர்தான்; கூடுதல் நூறு கிலோமீட்டருக்குள். துபாய் வழியாகப் போனால் ஏறக்குறைய 15,800. உங்கள் பெற்றோர் செல்லும் சிங்கப்பூர் வழியில் கோவையிலிருந்து சிங்கப்பூருக்கு 3,165, அங்கிருந்து சான்பிரான்சிஸ்கோவுக்கு 13,580 என்று கூட்டினால் ஏறக்குறைய 16,750 கிலோமீட்டர். எனவே இணையத்தில் காணும் 14,240-ஐ விட அவர்கள் 2,500 கிலோமீட்டர் கூடுதலாகப் பறக்கிறார்கள். அதற்காக நீங்கள் தவறான வழியைத் தேர்ந்துவிட்டதாக எண்ண வேண்டாம். அந்தக் கூடுதல் தூரம் பறப்பதில் மூன்று மணி நேரத்துக்குச் சமம். இணைப்பு விமானத்துக்காகக் காத்திருக்கும் நேரம் இதைவிட எளிதாகக் கூடவும் குறையவும் செய்யும். டெல்லியில் பத்து மணி நேரம் காத்திருக்க நேர்ந்தால், தூரத்தில் மிச்சமானது அங்கே செலவாகிவிடும்.

அடுத்து நேரம். இணையத்தில் காட்டும் 17 மணி என்பது எந்த விமானத்தின் அட்டவணையும் அன்று. தூரத்தை மணிக்கு 850 அல்லது 900 கிலோமீட்டரால் வகுத்து, ஏறவும் இறங்கவும் அரை மணி சேர்த்துச் சொல்லும் ஒரு மதிப்பீடு மட்டுமே. கோவையிலிருந்து சான்பிரான்சிஸ்கோவுக்கு நேரடி விமானம் இல்லை. ஆகையால் அந்த 17 மணியில் போன ஒருவரும் இல்லை. கோவைக்கு ஏன் அப்படி ஒரு சேவை இல்லை என்று பலரும் கேட்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். பீளமேட்டு ஓடுபாதையின் நீளம் 3,000 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. விமான நிலையம் கடல்மட்டத்திலிருந்து 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வெயில் காலத்தில் காற்றின் அடர்த்தி குறைந்துவிடும். பதினான்காயிரம் கிலோமீட்டருக்கான எரிபொருளையும் நிறைந்த பயணிகளையும் சுமந்த பெரிய விமானம் அந்த நிலையில் ஏறுவதற்கு இன்னும் நீண்ட ஓடுபாதை வேண்டும். அத்துடன் அவ்வளவு பெரிய விமானத்தை நாள்தோறும் நிரப்பும் அளவுக்குப் பயணிகள் ஓர் ஊரிலிருந்தே கிடைக்க வேண்டும். சிங்கப்பூருக்கு நம் ஊரிலிருந்து முன்பு சில்க்ஏரும் பின்னர் ஸ்கூட்டும் நேரடியாகப் பறந்திருப்பதால், கிழக்கு வழியே அமெரிக்கா செல்வது கொங்கு நாட்டாருக்குப் பழகிய வழியாகிவிட்டது.

டிக்கெட்டில் நீங்கள் கண்ட பதின்மூன்றரை மணியையும் நாற்பத்தொன்றரை மணியையும் இப்போது பார்ப்போம். டிக்கெட்டில் அச்சிடப்படும் ஒவ்வொரு மணியும் அந்தந்த விமான நிலையத்தின் உள்ளூர் நேரம். கோவையில் வெள்ளி இரவு 11 மணிக்குக் கிளம்பிச் சனி நண்பகல் 12.30-க்குச் சான்பிரான்சிஸ்கோவில் இறங்குவதாக உங்கள் டிக்கெட்டில் இருக்கிறது. இந்திய நேரம் அனைத்துலக நேரத்துக்கு ஐந்தரை மணி முன்னே செல்கிறது. சான்பிரான்சிஸ்கோவின் கோடைக்கால நேரம் ஏழு மணி பின்தங்கி நிற்கிறது. இரண்டுக்கும் இடையே பன்னிரண்டரை மணி. அங்கே சனி நண்பகல் 12.30 என்றால் கோபியில் ஞாயிறு அதிகாலை 1 மணி. வெள்ளி இரவு 11 மணியிலிருந்து ஞாயிறு அதிகாலை 1 மணி வரை எண்ணினால் 26 மணி நேரம். திரும்பும்போது அங்கே செவ்வாய் இரவு 10 மணிக்குக் கிளம்பி, கோவையில் வியாழன் பிற்பகல் 3.30-க்கு இறங்குகிறார்கள். கழித்தால் வரும் நாற்பத்தொன்றரை மணியிலிருந்து பன்னிரண்டரையைக் குறைத்தால் 29 மணி. ஆக டிராவல்ஸ்காரர் சொன்ன இரண்டு எண்களும் சரியானவை. அவர் உங்களுக்குக் கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை.

இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. அமெரிக்காவில் மார்ச் மாதத்தின் இரண்டாவது ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்துவார்கள். நவம்பர் மாதத்தின் முதல் ஞாயிறன்று பழைய நிலைக்குக் கொண்டுவருவார்கள். இப்போது போட்டிருக்கும் தேதிகள் இரண்டும் கோடைக்கால நேரத்துக்குள் வருவதால் இரண்டுக்கும் பன்னிரண்டரை மணியைப் பயன்படுத்தினேன். பேரக் குழந்தையைப் பார்க்கப் போகிறவர்கள் குறித்த தேதியில் திரும்புவது அரிது. பயணத்தைத் தள்ளிப்போட்டு டிசம்பரிலோ ஜனவரியிலோ திரும்பினால் பதின்மூன்றரை மணியைக் கழிக்க வேண்டும். அது மட்டுமல்லாமல், விமான நிறுவனங்கள் மார்ச் கடைசி ஞாயிறிலும் அக்டோபர் கடைசி ஞாயிறிலும் அட்டவணையை மாற்றுகின்றன. அந்த நாட்களைத் தாண்டிப் பயணத்தை மாற்றினால் புறப்படும் நேரம், சிங்கப்பூரில் காத்திருக்கும் நேரம் இரண்டையும் புதிதாகப் பார்க்க வேண்டும்.

போவதற்கும் வருவதற்கும் உள்ள மூன்று மணி நேர வேறுபாட்டுக்கு வருகிறேன். உங்கள் கேள்வியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். பூமி கிழக்கு நோக்கிச் சுழல்வதால் திரும்பும் பயணம் நீள்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். நேரடியான காரணம் அது அன்று. பூமி தன்னைச் சுற்றியுள்ள காற்றையும் சேர்த்துக்கொண்டே சுழல்கிறது. விமானம் பறப்பது அந்தக் காற்றுக்குள். சுழற்சி நேரடியாகப் பயன்படுவதாக இருந்தால், மேற்கே செல்லும் விமானத்தை நோக்கி ஊர் தானே ஓடி வர வேண்டும்; நிலநடுக்கோட்டில் பூமியின் சுழற்சி வேகம் மணிக்கு ஏறக்குறைய 1,670 கிலோமீட்டர் என்பதால் மேற்குப் பயணம் மிக விரைவாக முடிந்திருக்க வேண்டும். நடப்பது அதற்கு நேர்மாறு; கிழக்கே போவதே விரைவு, மேற்கே வருவதே தாமதம். சிங்கப்பூரிலிருந்து சான்பிரான்சிஸ்கோவுக்குக் கிழக்கு நோக்கிச் செல்லும் விமானம் சுமார் 15 மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. அதே கடலின் மேல் மேற்கு நோக்கித் திரும்பி வரும் விமானத்துக்குச் சுமார் 17 மணி நேரம் ஆகிறது. உங்கள் டிக்கெட்டில் உள்ள மூன்று மணி வேறுபாட்டில் இரண்டு மணி இதனால் வருவது. எஞ்சிய ஒரு மணி சிங்கப்பூரில் காத்திருக்கும் நேரம் இரு பயணங்களிலும் வேறுபடுவதால் வந்திருக்க வேண்டும்.

இதற்குக் காரணம் காற்று. தரையிலிருந்து ஒன்பது முதல் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக, சில நூறு கிலோமீட்டர் அகலத்தில் ஓடும் ஜெட் ஸ்ட்ரீம் என்னும் காற்றோட்டம் ஒன்று இருக்கிறது. விமானங்கள் பறக்கும் உயரமும் ஏறக்குறைய அதுவே. அதன் நடுப்பகுதியில் மணிக்கு 200 கிலோமீட்டர் வேகம் சாதாரணம். குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலேயும் வட பசிபிக்கின் மேற்குப் பகுதியிலும் 300-ஐத் தாண்டுவதும் உண்டு. ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கும் மேல்காற்றில், பல்லடத்திலிருந்து கோவைக்குச் சைக்கிள் மிதித்துப் போனவருக்கும் கோவையிலிருந்து பல்லடத்துக்குத் திரும்பியவருக்கும் சாலை ஒன்றுதான், தூரம் ஒன்றுதான், ஆனால் ஆன நேரம் ஒன்றன்று; பசிபிக்கின் மேலும் அதுவே நடக்கிறது. காற்றுக்குள் விமானத்தின் வேகம் எப்போதும் மணிக்கு 900 கிலோமீட்டரை ஒட்டியே இருக்கும். தரையின் மேல் அது எவ்வளவு வேகமாக நகர்கிறது என்பதைக் காற்று கூட்டுகிறது அல்லது குறைக்கிறது. பூமியின் சுழற்சிக்கும் இதில் மறைமுகமான பங்கு உண்டு. வெப்பமான பகுதியிலிருந்து துருவத்தை நோக்கி நகரும் காற்றை மேற்கிலிருந்து கிழக்காகத் திருப்பிவிடுவது அந்தச் சுழற்சியே. எனவே உங்கள் ஊகம் முற்றிலும் பிசகு என்று சொல்ல மாட்டேன். இடையில் காற்று என்ற ஒன்று விட்டுப்போயிருக்கிறது.

தூரத்தை விடக் காற்று எவ்வளவு பெரியது என்பதற்கு நம் நாட்டு விமானம் ஒன்றே நல்ல சான்று. ஏர் இந்தியா 2015 டிசம்பரில் டெல்லியிலிருந்து சான்பிரான்சிஸ்கோவுக்கு நேரடிச் சேவையைத் தொடங்கியபோது, விமானம் மேற்கே ஐரோப்பாவையும் அட்லாண்டிக்கையும் கடந்து சென்றது. அந்த வழி சுமார் 13,900 கிலோமீட்டர். 2016 அக்டோபரில் அதே விமானத்தைக் கிழக்கே பசிபிக் வழியாக அனுப்பினார்கள். தூரம் சுமார் 15,300 கிலோமீட்டராக உயர்ந்தது. அதாவது 1,400 கிலோமீட்டர் சுற்று. ஆனால் பயணம் ஏறக்குறைய பதினான்கரை மணி நேரத்தில் முடிந்தது; பழைய வழியை விடச் சுமார் இரண்டு மணி நேரம் மிச்சம். வகுத்துப் பாருங்கள், சராசரியாக மணிக்கு 1,055 கிலோமீட்டர். விமானத்தின் சொந்த வேகத்துக்கு மேல் 150 கிலோமீட்டருக்கும் அதிகமாகக் காற்று தள்ளிவிட்டிருக்கிறது. பின்னர் 2019 ஆகஸ்டில் இதே தடத்தில் வட துருவப் பகுதி வழியாகவும் விமானம் சென்றது. 2021 ஜனவரியில் முழுவதும் பெண் விமானிகளே ஓட்டி, சான்பிரான்சிஸ்கோவிலிருந்து துருவ வழியாகப் பெங்களூரு வந்து சேர்ந்த விமானத்தைப் பற்றி நீங்களும் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். ஒரே இரண்டு கண்டங்களுக்கு இடையே மூன்று திசைகளில் மூன்று வழிகள். அவற்றில் எது சிறந்தது என்பதை அளவுகோல் சொல்வதில்லை. அன்றைய காற்றுதான் சொல்கிறது.

டிஸ்பாட்ச் மேசையில் நாங்கள் செய்துவந்ததும் இந்தத் தேர்வைத்தான். புறப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பு, வெவ்வேறு உயரங்களில் காற்று எந்தத் திசையில் எவ்வளவு வேகத்தில் வீசும் என்ற முன்கணிப்பு வந்துவிடும். அதை வைத்து, அனுமதிக்கப்பட்ட வழிகளில் எதில் எரிபொருள் குறைவாகச் செலவாகும் என்று கணினி கணக்கிடும். அதைப் பார்த்து, திருத்தி, கையெழுத்திடுவது எங்கள் பொறுப்பு. நீண்ட பயணத்தில் எரிபொருளைச் சுமந்து செல்வதற்கே கணிசமான எரிபொருள் செலவாகும் என்பதால், வேண்டியதற்கு மேல் நிரப்பிக்கொண்டு போவதும் எளிதன்று. ஆகவே உங்கள் பெற்றோரின் விமானம் எந்தத் தீவுக்கு மேலே பறக்கும், சரியாக எத்தனை மணி எத்தனை நிமிடம் ஆகும் என்பதை இன்று யாராலும் சொல்ல முடியாது. என்னாலும் முடியாது, அந்த விமான நிறுவனத்தாலும் முடியாது. டிக்கெட்டில் இருக்கும் நேரம், விமானம் ஒரு நிலையத்தில் நின்ற இடத்தை விட்டு நகர்வதிலிருந்து மறு நிலையத்தில் வந்து நிற்கும் வரையிலான நேரம். கடந்த பருவங்களில் எவ்வளவு ஆனது என்பதைப் பார்த்து, சிறிது இடம் விட்டே அதை நிர்ணயிப்பார்கள். அதனால்தான் குறித்த நேரத்துக்கு அரை மணி முன்பே இறங்கும் விமானங்களைப் பார்க்கிறோம்.

பெருவட்டக் கோட்டின் மேலேயே பறக்காமல் விலகிச் செல்வதற்குக் காற்று மட்டும் காரணமன்று. நான் மேலே சொன்ன நூல் திபெத்தைக் கடக்கிறது. விமானத்துக்குள் காற்றழுத்தம் குறைந்துவிட்டால் விமானி உடனே சுமார் 10,000 அடிக்கு இறங்கியாக வேண்டும். திபெத்தில் தரையே பல இடங்களில் அதைவிட மிக உயரத்தில் இருக்கிறது. பயணிகளின் தலைக்கு மேல் தொங்கும் ஆக்சிஜன் முகமூடி பெரும்பாலான விமானங்களில் கால் மணி நேரத்தை ஒட்டியே வேலை செய்யும். ஆகவே அந்தப் பீடபூமியைச் சுற்றிப் போவதே வழக்கம். இதைப் படித்துவிட்டு உங்கள் அம்மா அஞ்ச வேண்டியதில்லை. சிங்கப்பூர் வழியில் அந்த மலைகளே குறுக்கிடுவதில்லை, பெரும்பகுதி கடலின் மேல்தான்.

வான்வெளியை நாடுகள் மூடிவிடுவது மற்றொரு காரணம். கடந்த சில ஆண்டுகளில் பயண நேரத்தை மிகவும் குலைத்தது இதுதான். 2022 பிப்ரவரி இறுதியில் உக்ரைன் போர் தொடங்கியதைத் தொடர்ந்து ரஷ்ய வான்வெளி ஐரோப்பிய, அமெரிக்க விமானங்களுக்கு மூடப்பட்டது. ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு ஒன்பதரை மணியில் போய்க்கொண்டிருந்த ஃபின்னேர் விமானம் ஏறக்குறைய 13 மணி நேரம் பறக்க வேண்டியதாயிற்று. தூரம் மாறவில்லை, இரு ஊர்களும் இருந்த இடத்திலேயே இருந்தன, மூன்றரை மணி நேரம் கூடிவிட்டது. 2025 ஏப்ரல் 24 அன்று பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியது. இந்தியாவும் சில நாட்களில் பாகிஸ்தான் விமானங்களுக்குத் தன் வான்வெளியை மூடியது. டெல்லியிலிருந்து மேற்கே ஐரோப்பா வழியாக அமெரிக்கா செல்லும் இந்திய விமானங்கள் அரபிக் கடல் பக்கம் சுற்றிச் செல்ல நேர்ந்தது. அவற்றில் சில எரிபொருள் நிரப்புவதற்காக வியன்னாவிலோ கோபன்ஹேகனிலோ இறங்கிச் சென்றன. இந்த வழியில் யாருக்கேனும் டிக்கெட் போடும்போது, பெயரளவில் நேரடி விமானமாக இருந்தாலும் இடையில் இறங்குமா என்று கேட்டுக்கொள்வது நல்லது. உங்கள் பெற்றோரின் வழி கிழக்கே பசிபிக் பக்கம் போவதால் இந்த இரண்டு மூடல்களும் அதைத் தொடுவதில்லை. முதல்முறைப் பயணத்துக்குச் சிங்கப்பூர் வழியை நானும் தேர்ந்தெடுத்திருப்பேன் என்று சொல்வதற்கு இது ஒரு காரணம். ஒரே ஓர் இடத்தில் மாறினால் போதும் என்பது மற்றொரு காரணம்.

துபாய், தோஹா வழியாகப் போகச் சொல்லி உறவினர்கள் கூறியதாகவும் எழுதியிருந்தீர்கள். துபாயிலிருந்து சான்பிரான்சிஸ்கோவுக்குப் போகும் பெருவட்டக் கோடு ஏறக்குறைய வட துருவத்தின் மேலேயே போகிறது; சுமார் 13,020 கிலோமீட்டர், 16 மணி நேரத்தை ஒட்டிய பயணம். வடக்கே ஏறித் தெற்கே இறங்குவதால் காற்று பெரும்பாலும் பக்கவாட்டில்தான் படும்; அதனால் போவதற்கும் வருவதற்கும் பெரிய வேறுபாடு இராது. குறை சொல்ல முடியாத வழிதான். ஆனால் உங்களுக்கு அதற்குப் பெரும்பாலும் கொச்சி விமான நிலையம் இருக்கும் நெடும்பாசேரிக்கோ பெங்களூருவுக்கோ போய் விமானம் ஏற வேண்டியிருக்கும். கோபியிலிருந்து கோவை விமான நிலையத்துக்கு இரண்டு மணி நேரத்தில் காரில் போய்விடலாம். கொச்சிக்கு ஆறு மணி நேரமாவது வைத்துக்கொள்ள வேண்டும். பெங்களூரு விமான நிலையத்துக்குச் சேலம் வழியாக ஏழு மணி நேரம் பிடிக்கும். சத்தியமங்கலம் வழி குறுக்கு என்று சிலர் சொல்லக்கூடும். திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும், அங்கே இரவுப் போக்குவரத்துக்கு உள்ள தடையையும் எண்ணிப் பார்த்தால், விமானத்தைப் பிடிக்கப் போகிறவர்களுக்கு அது உகந்த வழியன்று. சேலம், தர்மபுரி பக்கத்தாருக்குப் பெங்களூருவும், கரூர்ப் பக்கத்தாருக்குத் திருச்சியும் பொருத்தமாக இருக்கலாம். கோபிக்குக் கோவைதான்.

இனி உங்கள் மனதில் உள்ள கணக்கு. போகும்போது இருக்கையில் உட்கார்ந்திருக்கும் நேரம் சிங்கப்பூர் வரை நான்கேகால் முதல் நான்கரை மணி, அதன்பின் சுமார் 15 மணி. ஆக ஏறக்குறைய பத்தொன்பதரை மணி. 26 மணியில் எஞ்சிய ஆறரை மணி சிங்கப்பூரில் காத்திருப்பது; அங்கே எழுந்து நடக்கலாம், கால் நீட்டலாம், சாப்பிடலாம். திரும்பும்போது இருக்கை நேரம் ஏறக்குறைய இருபத்தொன்றரை மணி. இத்துடன் கோபியிலிருந்து கோவைக்கு இரண்டு மணி, புறப்படுவதற்கு முன் நிலையத்தில் மூன்று மணி, அங்கே இறங்கியபின் குடிநுழைவுச் சோதனைக்கும் பெட்டிகளுக்கும் ஒன்றரை முதல் இரண்டரை மணி என்று சேர்த்தால், கோபி வீட்டு வாசலைத் தாண்டியதிலிருந்து அக்காவின் காரில் ஏறும் வரை முப்பத்திரண்டரை முதல் முப்பத்து மூன்றரை மணி நேரம் ஆகும். சர்க்கரைக்கோ இரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை எடுத்துக்கொள்பவராக அப்பா இருந்தால், இந்த எண்ணிக்கையை வைத்தே மருத்துவரிடம் கேட்டு வேளைகளை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். டிக்கெட்டில் உள்ள உள்ளூர் மணிகளை வைத்துக் கணக்கிட்டால் வேளை தவறிவிடும்.

அக்காவை டிக்கெட்டில் இருக்கும் 12.30-க்கே நிலைய வாசலில் வந்து நிற்கச் சொல்ல வேண்டாம். விமானம் சிங்கப்பூரை விட்டுக் கிளம்பியபின், விமானங்களைப் பின்தொடரும் இணையதளங்களில் விமான எண்ணைக் கொடுத்தால் இறங்கும் நேரம் பெரும்பாலும் கால் மணி நேரத் துல்லியத்தில் தெரியும். அன்றைய காற்று அதற்குள் கணக்கில் சேர்ந்திருக்கும். அதிலிருந்து ஒன்றரை மணி கழித்து வந்தால் போதும், ஆனால் கைபேசி மட்டும் கையில் இருக்க வேண்டும். பெற்றோரிடம் கொடுத்தனுப்பும் தாளில், கோவையில் ஏறும் நேரம், சிங்கப்பூரில் இறங்கும் நேரம், அங்கே மறுபடி ஏறும் நேரம், சான்பிரான்சிஸ்கோவில் இறங்கும் நேரம் ஆகிய நான்கையும் அந்தந்த ஊர் நேரத்தில் ஒரு வரிசையாகவும், அதன் அருகிலேயே நம் ஊர் நேரத்தில் மற்றொரு வரிசையாகவும் பெரிய எழுத்தில் எழுதிவிடுங்கள். சிங்கப்பூர் நேரம் நமக்கு இரண்டரை மணி முன்னே இருப்பதால், அங்கே கைக்கடிகாரத்தை மாற்றாமல் இருந்து அடுத்த விமானத்தைத் தவறவிடும் வாய்ப்பு உண்டு.

இன்னும் ஒன்று நீங்கள் இப்போதே டிராவல்ஸ்காரரிடம் கேட்க வேண்டும்: கோவை–சிங்கப்பூர், சிங்கப்பூர்–சான்பிரான்சிஸ்கோ ஆகிய இரண்டு பயணங்களும் ஒரே பிஎன்ஆர் எண்ணில் இருக்கின்றனவா என்பது. ஒரே எண்ணில் இருந்தால் பெட்டிகளைக் கோவையிலேயே சான்பிரான்சிஸ்கோ வரைக்கும் அனுப்பிவிடலாம்; முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது தவறினாலும், அடுத்ததில் ஏற்றிவிட வேண்டியது நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனி எண்களில் இருந்தால் சிங்கப்பூரில் பெட்டிகளை எடுத்து மீண்டும் ஒப்படைக்க வேண்டியிருக்கலாம். தவறிய விமானத்துக்குப் புதிய டிக்கெட் எடுக்கவும் நேரலாம். அப்படி இருந்தால், பயணத்துக்கு இன்னும் நாள் இருக்கும்போதே ஒரே எண்ணில் மாற்றித் தரச் சொல்லுங்கள்.